குடோனுக்குள் ஒரு வீடு

எழுபது வருஷத்துக்கு முன்பு இத்தாலியில் நடந்த ஒரு சர்வதேசக் கண்காட்சியைத் தூத்துக்குடியில் மறுபடி நடத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பிய நாளிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். ஜனங்கள் வருவார்களா? சென்னையில் நடத்திய போன கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைப் போன்ற ஆர்க்கிடெக்டுகள். கயிற்றுக்கு அப்பால் நின்று தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய உப்பு குடோன் ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்து மேசை நாற்காலிகளையும் விளக்குகளையும் படம் பார்த்துச் செய்து வைத்தோம். நடுவில் வட்டமாகத் துளைபோட்ட ஒரு கற்சிற்பம். இத்தாலியில் எல்லாரும் நுழைந்து பார்ப்பதற்கென்று கட்டியிருந்த சின்ன வீட்டை, அதே அளவில் இங்கேயும் எழுப்பினோம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கொத்தனார் வெள்ளத்துரை, கண்ணாடிச் சுவரும் அடுப்படி மேடையுமாக அருமையாகக் கட்டிக்கொடுத்தார். நான் மூலைக்கு மூலை 'தொடாதீர்கள்' பலகை மாட்டினேன்.

திறப்பு நாள் காலையில் போனால், அந்த வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. உள்ளே அடுப்பில் பால் பானை. பக்கத்தில் பட்டுப்புடவையும் தானுமாக என் மனைவி கோமளவல்லி.

எனக்கு வந்ததே கோபம். "என்னய்யா வெள்ளத்துரை இது? இங்க யார் குடிவரப் போறா?"

"நீங்கதான் சார்," என்றார் அவர். "மழைக்கு ஒழுகப்பிடாதுன்னு சார் குடோனுக்குள்ளயே வீடு கட்டுதாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். பால் காய்ச்சாம ஆளை உள்ள விடலாமா? அதான் அம்மாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன்."

கோமளவல்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கண்காட்சின்னா வருவாளா? வீடுன்னதும் வந்துட்டா பாருங்கோ. சித்த கோபத்தை இறக்கி வைங்கோ, பால் பொங்கறது."

பொங்கியது. குலவைச் சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. வெள்ளத்துரையின் ஊர்க்காரர்களும் உப்பளத்து ஆட்களும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்கள். அவர் தங்கை பேச்சிச்செல்வி மேடையைத் தடவிப் பார்த்து, "குனியாம அரிசி களையலாம் போலுக்கே" என்றாள். அண்ணாச்சிமார் நாற்காலிகளில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்கள். பரிசாக வந்த சுவர்க்கடிகாரம் ஒன்றை யாரோ கற்சிற்பத்தின் துளையில் உட்காரவைத்துவிட்டார்கள். அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

"எப்ப சார் சாமான் செட்டெல்லாம் வருது?" என்று பேச்சிச்செல்வி கேட்டாள்.

சென்னையில் ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு இங்கே குடிவர வேண்டும் என்று ஆசை வரட்டும் என்றுதானே அந்த வீட்டை அன்றைக்கு இத்தாலியில் வரைந்தார்கள்.

"சார், பானை கொதிக்கி," என்று துணியால் பிடித்தபடி நின்றார் வெள்ளத்துரை. "மேசை பாழாயிரும். கீழ வைக்க ஏதாவது தாங்க."

சுவரிலிருந்த 'தொடாதீர்கள்' பலகையைக் கழற்றி மேசைமேல் போட்டேன்.