பங்கஜத்துக்குக் கழிவு கிடையாது

மனித உடம்புக்கு வைத்தியமே தேவையில்லை என்பதைப் பிக்கட்டி லிங்கசாமி கண்டுபிடித்து இருபது வருடம் ஆகிறது. இந்த இருபது வருடத்தில் அவர் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதித்ததில்லை, எந்த ஊசியையும் தன் தோலுக்கு அறிமுகம் செய்து வைத்ததில்லை. "ஆஸ்பத்திரி பெஞ்சுல சட்டைக் கையைச் சுருட்டி உட்டுட்டு வரிசையா உக்காந்திருக்கறானுக பாருங்க, அவனுகளுக்கு வந்தது நோவு இல்லீங்க, மனசுல தெம்பில்லாத கோளாறு" என்று தேயிலைக் கொழுந்து ஷெட்டில் நின்று அறிவிப்பார். சாக்கோடு வரிசையில் நிற்கும் விவசாயிகள் எல்லோரும் தலையாட்டுவார்கள். தங்கள் கொழுந்தை எடை போடப்போகிற ஆள் பேசும்போது வேறென்ன செய்ய முடியும்?

லிங்கசாமி அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறிப் பிக்கட்டிக்கு வந்தவர். சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்தை எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்கு லாரி ஏற்றும் ஏஜென்ட். தேயிலை விலை விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த வருடங்கள் அவை. கொழுந்து விற்ற காசு பறித்த கூலிக்கே காணவில்லை. பாதிப் பேர் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார்கள், மீதிப் பேர் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். மாவட்டத்தில் அப்போது இறங்காமல் நின்றவை இரண்டே: ஒன்று தொட்டபெட்டா சிகரம், மற்றது லிங்கசாமியின் தொந்தி.

அவர் மனைவி பங்கஜத்துக்கு நாற்பத்தேழு வயது. சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் அவள் உடம்பில் வெகுகாலமாகக் குடியிருந்தன. நான்காவதாக, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற கோளாறும் வந்து சேர்ந்தது. ராத்திரி சரியான தூக்கம் கிடையாது என்பதால் பகலில் எங்கே சாய்ந்தாலும் தூங்கினாள். ஒருநாள் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், நின்றபடியே தூங்கிப்போனாள். கை வெந்த பிறகுதான் விழிப்பு வந்தது. அவள் அம்மா நாற்பத்தொன்பதில் சர்க்கரைக்கு ஒரு காலைக் கொடுத்து, ஐம்பதில் போய்ச் சேர்ந்தவள். வெந்த கையில் மருந்து தடவிக்கொண்டே பங்கஜம் அதை நினைத்தாள். அடுத்த வாரம் தனியாகக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

எடை குறைக்கும் ஆபரேஷன் செய்கிற பெண் டாக்டர் இனிக்க இனிக்கப் பேசுகிற ரகம் இல்லை.

"இத்தனை வியாதி இருக்கே, எனக்குப் பண்ணலாமுங்களா?" என்று பங்கஜம் கேட்டாள்.

"இத்தனை இருக்கிறதாலதான் பண்றதைப் பத்தி யோசிக்கணும். ஆனா இத்தனை இருக்கிறதாலயே அவசரப்படக் கூடாது. தூங்கும்போது மூச்சு மெஷினை மாட்டிப் பழகணும். சுகர் கட்டுக்குள்ள வரணும். இதய டாக்டர் சரின்னு சொல்லணும். கடைசியா மூணு வாரம் நாங்க குடுக்கிற திரவ ஆகாரம். ஈரல் சுருங்கினாத்தான் உள்ள வேலை செய்ய எடம் கிடைக்கும். நூத்தி இருபத்தஞ்சு கிலோ இருக்கீங்க. நூத்திப் பதினஞ்சுக்கு வாங்க, தேதி குடுக்கிறேன்."

"ஆபத்துங்களா?"

"ஆபத்தே இல்லைன்னு சொன்னா அது பொய். இப்படியே இருந்தாலும் ஆபத்துதான். முடிவு உங்களது."

பங்கஜம் முடிவைக் கூடலூர்ப் பாதை கொண்டை ஊசி மாதிரி வளைத்து வளைத்துச் சொல்லவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள். லிங்கசாமி சோற்றை விட்டு எழுந்தார், பிறகு சோறு நினைவுக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, சர்க்கரைக்காரி மேல கத்தி வெச்சா புண்ணு ஆறுமா? மொதல்ல இருக்கற நோவையெல்லாம் சரி பண்ணிப்போட்டு அப்பறம் போ."

"எல்லாம் சரியாப் போனா நான் ஏனுங்க போறேன்? ஒண்ணுமில்லாதவளுக்கு எதுக்குங்க ஆபரேஷன்?"

"வாயைக் கட்டுனா வகுறு தானா எறங்கும். மனசுதான் வேணும்."

பங்கஜம் அவர் தட்டையும் தொந்தியையும் வரிசையாகப் பார்த்தாள். வாயால் சொல்லியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

சேதி பரவியதும் ஊர் வைத்தியசபை கூடியது. ஒருத்தி கொள்ளு சொன்னாள், ஒருத்தி வெந்நீரில் தேன் சொன்னாள். சர்க்கரைக்காரிக்குத் தேன் சொன்ன அந்தப் புண்ணியவதிதான் ஆபரேஷனை ஆபத்து என்று சொல்லி அழுதவள். பங்கஜம் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள், தனக்கு மட்டும் டம்ளரில் வெறும் வெந்நீரை ஊற்றிக்கொண்டாள். ராத்திரி மூக்கில் மெஷினை மாட்டினாள். "பக்கத்துல ஏரோப்ளேன் தூங்குது" என்றார் லிங்கசாமி. அதுவரை அந்த அறையில் குறட்டைக்கு அவருக்குத்தான் ஏகபோக உரிமை இருந்தது. மாதம் ஒன்று போனது. சர்க்கரை இறங்கியது. இதய டாக்டரும் தலையசைத்தார். மூன்று வாரத் திரவ ஆகாரம் மட்டும் பாக்கி.

எடைதான் சிக்கல். வீட்டிலிருந்த எடை மெஷின் அவளை ஏற்றிக்கொண்ட முதல் நாளே வேலையை ராஜினாமா செய்துவிட்டது. ஆகவே திரவ ஆகாரத்தின் மூன்றாவது வாரம் கொழுந்து ஷெட்டில் இருந்த மேடைத் தராசில் ஏறினாள். முள் லிங்கசாமி பக்கம் பார்த்து இருக்கும். விவசாயி பக்கம் தராசின் முதுகு இருக்கும். அது அந்தத் தொழிலின் மரபு.

"நூத்தி ஒம்பதரை!" என்று லிங்கசாமி கூவினார்.

பங்கஜம் தராசிலிருந்து குதித்தே இறங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். தேதி கிடைத்தது. துணிப்பையோடு போய் இறங்கினாள். ஆஸ்பத்திரித் தராசு நூற்றிப் பத்தொன்பது என்றது. இன்னொரு தராசும் அதையே சொன்னது. டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஈரல் இன்னும் பெரிசாத்தான் இருக்கு. உங்களுக்கு இருக்கிற மத்த பிரச்சினைக்கு நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். ஊருக்குப் போயிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. நிஜமான எடையோட வாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் திரும்பும் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வரைக்கும் காதில் கேட்டது. தான் ராத்திரியில் திருடித் தின்றதாக டாக்டர் நினைத்திருக்க வேண்டும். பர்லியாறு தாண்டும்போது பங்கஜம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நூற்றிப் பத்தொன்பதுக்கு நூற்றுக்கு எட்டு என்ன ஆகும்? ஒன்பதரை. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்: "அட கருமமே!"

கொழுந்தில் ஈரம் இருக்கும், சாக்குக்கு எடை இருக்கும் என்று ஏஜென்ட்கள் நூற்றுக்கு எட்டு கிலோ கழித்துத்தான் எடையைக் கூவுவார்கள். அதற்குப் பெயர் கழிவு.

நேராக ஷெட்டுக்குப் போனாள். விவசாயிகள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். சாக்குத் தூக்கும் சுப்பம்மா, சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவள், மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, அன்னிக்கு என்னை எடை போட்டப்ப முள்ளு எங்க நின்னுது?"

"எங்க நின்னா என்ன? நான் சொன்னதுதான் எடை."

"எட்டுக் கழிச்சீங்களா?"

லிங்கசாமி வாயைத் திறந்தார். முகத்தில் கள்ளமே இல்லை, அசல் ஆச்சரியம்தான் இருந்தது. இருபது வருடமாக முள்ளைப் பார்த்ததும் கண் ஒன்றைப் படிக்கும், வாய் வேறொன்றைச் சொல்லும்.

"எல்லாத்துக்கும் கழிக்கறதுதானே புள்ள?"

"நான் என்ன நனைஞ்ச கொழுந்துங்களா?"

"சேலை இருந்துதில்ல" என்றார், சாக்கு ஞாபகத்தில்.

சுப்பம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வைத்தும் அடங்கவில்லை. "சிலோன்ல கங்காணி எங்க கொழுந்துல எடையைக் கொறச்சு ராத்தல் ராத்தலா அடிப்பான்மா. அந்தப் பாவிகூட சொந்தப் பொஞ்சாதிகிட்ட அடிச்சதில்ல!"

வரிசை சிரித்தது. பங்கஜம் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினாள்.

"எறங்கு புள்ள, ஆளுக பாக்கறாங்க."

"பாக்கட்டும். இந்த ஒடம்பு என்னுது, இதுல எத்தனை கிலோ இருக்குதுன்னு எனக்குத் தெரியோணும். முள்ளைத் திருப்புங்க."

"இத்தனை நோவை வெச்சுக்கிட்டு... தேதி தள்ளிப் போனதே நல்லதுன்னு நெனச்சுக்க." அவர் குரல் தணிந்தது. "உனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"ஆபரேஷன் பண்ணாமயே எனக்குத் தெனமும் ஆயிட்டுத்தானுங்க இருக்குது. நீங்க பாக்கலை. முள்ளைத் திருப்புங்க."

சுப்பம்மா அவரைக் கேட்காமலே தராசைத் திருப்பினாள். நூற்றிப் பத்தொன்பது. பங்கஜம் அதை வரிசைக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னாள். வெட்கப்பட வேண்டிய எண் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். சொன்ன பிறகு அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது.

வரிசையின் முதலில் நின்ற பெள்ளிராஜ் தொண்டையைச் செருமினார். நாலு ஏக்கரில் மூன்றைக் கேரட்டுக்கு மாற்றிவிட்டு மிச்சத்தோடு வந்திருப்பவர்.

"லிங்கசாமி, தராசு அப்படியே இருக்கட்டும். அக்காவுக்குக் கழிவு இல்லைன்னா எனக்கும் வேண்டாம். நாலு நாளா மழையே இல்லை. என் கொழுந்து அக்காவைவிடக் காஞ்சு கெடக்கு."

"ஃபேக்டரில கழிக்கறானுங்களே, நான் என்ன பண்றது?"

"அப்ப ஃபேக்டரிகிட்டப் போய்ப் பேசுங்க" என்றாள் பங்கஜம், செருப்பை மாட்டியபடி. "என்கிட்ட இவ்வளவு பேசறீங்கல்ல?"

அன்று முள் திரும்பியே இருந்தது. அடுத்த நாளும் விவசாயிகள் அதைப் பழையபடி அவர் பக்கம் திரும்ப விடவில்லை. லிங்கசாமி மூன்று நாள் முனகினார். நான்காம் நாள் ஃபேக்டரிக்குப் போய்க் காய்ந்த கொழுந்துக்கு எட்டு நாலாகக் குறையும் என்று பேசி முடித்து வந்தார். வந்ததும், அந்த யோசனையே தன்னுடையதுதான் என்று ஷெட்டில் அறிவித்தார். இரண்டு வாரம் கழித்துப் பங்கஜம் நூற்றிப் பதினான்கில் நின்றாள். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்தைத் தானே போட்டாள்.

ஆபரேஷன் முடிந்தது. அதன்பிறகு எல்லாம் பூப்பாதை என்று யாராவது சொன்னால் பங்கஜம் அடிக்க வருவாள். அரை இட்லியை அவசரமாக விழுங்கி ஒருநாள் சுருண்டு விழுந்தாள். முடி கொத்தாகக் கொட்டியது. சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. ஆனால் சர்க்கரை மருந்து பாதியாகியிருந்தது. ஷெட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் படியில், நடுவில் உட்காராமல் ஏறினாள்.

நான்காம் மாதச் செக்கப்புக்கு லிங்கசாமியும் கூட வந்தார். வலது கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. பூட்ஸ் கடித்தது என்றார். பூட்ஸ் கடித்து இரண்டு மாதம் ஆகியும் புண் ஆறவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், தன் கண்டிப்பினால்தான் மனைவி இளைத்தாள் என்று குன்னூர் முதல் கல்லாறு வரை விளக்கினார். ஆஸ்பத்திரி வந்ததும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். "நீ போயிட்டு வா புள்ள, நான் டீக்கடைல இருக்கேன். உள்ள வந்தா நமக்கு ஆகாது."

டாக்டரைப் பார்த்துவிட்டுப் பங்கஜம் டீக்கடைக்கு வந்தாள். அவர் இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் தேடினாள். திரும்ப உள்ளே போய், மருந்துக் கவுண்ட்டரைத் தாண்டி, ரத்தம் எடுக்கும் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

நீளமான பெஞ்சில், ஒரு கிழவருக்கும் ஒரு கைக்குழந்தைக்காரிக்கும் நடுவில் லிங்கசாமி உட்கார்ந்திருந்தார். இடது கைச் சட்டை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடப்பட்டிருந்தது. கூரையில் ஏதோ முக்கியமான வேலை நடப்பதுபோல மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிங்கசாமி யாருங்க?" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

பங்கஜம் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"நாந்தானுங்க" என்றார் அவர், பக்கத்துக் கிழவருக்குக்கூடக் கேட்காத குரலில்.