மேலகரம் திருப்பத்தில் ஒரு பிளக்ஸ்

மேலகரம் திருப்பத்தில் ஆட்டோ வேகம் குறைந்ததும் சங்கரேஸ்வரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ். வலது பாதி முழுக்க அவள் முகம். இடது பாதியில் காக்கி உடுப்போடு கைகூப்பி நிற்பது அவள் அக்கா புருஷன் ஏட்டு பரமேஸ்வரன். அடியில் கொட்டை எழுத்தில், ‘மூளைக் கட்டியை ஒளியால் விரட்டிய எங்கள் வீட்டு விஞ்ஞானியே, வருக!’

யார் விரட்டியது? எதை விரட்டியது? பெங்களூரு ஆய்வுக்கூடத்தில் அவள் வருஷக்கணக்காக மாரடிப்பது எலிகளோடு. எலியின் ரத்தத்தில் ஒரு சாயத்தை ஏற்றினால் அது மூளைக் கட்டியில் போய்த் தங்கும். லேசர் ஒளி பட்டதும் சாயம் லேசாகச் சூடேறி விம்மி, காதுக்கு எட்டாத ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்துக் கருவி கட்டியைப் படமாகக் காட்டும். காட்டுவதோடு சரி, கட்டியை இம்மியும் அசைக்காது. ஏதோ ஒரு பத்திரிகை இதை அரைகுறையாகப் போட்டுத் தொலைத்திருந்தது. அத்தானுக்கு அது போதும், ஊரைக் கூட்டிவிடுவார்.

வெட்கமும் எரிச்சலுமாக அக்கா வீட்டுக்குள் நுழைந்தாள். எதிரே வந்த உமாராணி அக்கா இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். இடித்ததே தெரியாதவள்போலச் சிரித்தாள். சாப்பிட உட்கார்ந்தால் இலையின் வலப்பக்கத்தை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, “ஏட்டி, எனக்கு அப்பளம் கெடையாதா?” என்று கேட்டாள். அப்பளம் இலையின் இடது ஓரத்தில் முறியாமல் கிடந்தது.

“அக்காவுக்கு என்ன அத்தான்?”

பரமேஸ்வரன் நிதானமாக மோர் ஊற்றிக்கொண்டார். “தலையில கட்டியாம் பிள்ள. ஸ்கேன்லாம் எடுத்தாச்சு. மண்டையத் தொறக்கணும்னு போன வாரம் தேதி குடுத்தாக. நான் வேண்டாம்னுட்டேன். நம்ம வீட்டுலயே லைட்டு இருக்கும்போது கத்தி எதுக்கு? போன்ல சொன்னா நீ பதறுவியேன்னு, நேர்ல வரட்டும்னு இருந்தேன்.”

சங்கரேஸ்வரி இலையை விட்டு எழுந்தாள். அத்தான் முன்னால் அவள் குரல் உயர்ந்ததே கிடையாது. அன்றைக்குத் தெருவுக்கே கேட்டது.

“அது எலிக்கு அத்தான்! எலியோட மண்டை ஓடு இந்த அப்பளம் கனம்கூட இருக்காது. மனுச மண்டைய ஊடுருவிப் பாக்க இன்னும் சரியான வழி கெடைக்கல. கெடைச்சாலும் கட்டி இருக்க எடத்தத்தான் காட்டும். அந்த எடம்தான் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே, பெறவு என்ன மயித்துக்கு லைட்டு?”

“சத்தம் போடாத. இவளுக்கு என்ன கொறச்சல்? வெறும் தலைவலி. ரெண்டு மாசம் போனா என்ன?”

“ஆமாட்டி,” என்றாள் உமாராணி. “எனக்குக் கத்தி வேண்டாம். நீயே பாத்துச் சொஸ்தமாக்கிரு.”

அந்த நம்பிக்கைதான் சங்கரேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. அத்தான் மேலும் பத்திரிகை மேலும் வந்த கோபத்தைவிட, தன் முகத்தைப் போட்டே அக்காவைச் சாகக் கொடுக்கப் பார்க்கிறார்களே என்ற கோபம்தான் பெரிதாக இருந்தது. கையலம்பக்கூட இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பின்னாலேயே பரமேஸ்வரன் குடையோடு ஓடி வந்தார்.

திருப்பத்துக்கு வந்ததும் பிளக்ஸுக்கு நேரே அக்காவை நிறுத்தினாள்.

“அக்கா, இதுல யார் யாரு இருக்கா?”

“நீதான்.” உமாராணிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“வேற?”

“வேற யாரு?” கொஞ்சம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “உங்க அத்தான் தன் படத்தையும் போடுதேன்னு சொன்னாகளே. போடலியோ?”

பிளக்ஸின் இடது பாதியில் காக்கிச் சட்டையோடு பரமேஸ்வரன் அவள் எதிரே மலைபோலக் கைகூப்பி நின்றிருந்தார். குடை பிடித்திருந்த பரமேஸ்வரனின் கை தாழ்ந்தது.

“பாத்தீகளா?” சங்கரேஸ்வரி பல்லைக் கடித்தாள். “இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கதே அவளுக்குத் தெரியல. வெறும் தலைவலின்னீகளே! டாக்டருக்குப் போன் போடுங்க, இப்பமே.”

அவருக்குப் போன் எடுக்கத் தோன்றவில்லை. மனைவியின் இடப்பக்கம் போய் நின்று, “உமா, நான் இங்கன நிக்கேன், பாரு,” என்றார்.

குரல் கேட்டு உமாராணி அவரைத் தேடினாள், வலது பக்கமாகவே.