நல்ல ரிப்போர்ட்

பெயிண்டர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் மனைவி கதவில் வந்து நின்றுவிடுவாள். "ஊதுங்க" என்பாள். அவனும் ஊதுவான். குடியை விட்டு ஆறு வருஷமான மனுஷன், சொந்த வீட்டுக்குள் நுழையத் தினமும் ஊதிக் காட்ட வேண்டியிருந்தது. அவள் மூக்குக்கு எட்டியது பெயிண்ட் நெடி மட்டும்தான். அந்த நெடியில் மறைத்துக்கொண்டு குடிக்கிறான் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறான். போன வாரம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரக் கிளம்பியவன், எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோய் வெறுங்கையோடு வீடு திரும்பினான். பிள்ளை ஒரு மணி நேரம் பள்ளி வாசலில் நின்று அழுதிருக்கிறது.

தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கிற அறைதான் தன்னைப் படுத்துகிறது என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். பெயிண்டில் கலக்கிற தின்னர் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தொழிற்சாலை எடுக்கிற சிறுநீர்ப் பரிசோதனைத் தாளை, அவள் பீரோவிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"எல்லாம் நார்மல்னு உங்க நர்ஸே கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்புறம் எதுல தள்ளாடுறீங்க?"

வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன், அதற்குப் பிறகு பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். சொன்னால் செய்கிறவள்.

வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசரைக் கெஞ்சினான். அவரும் அதே தாளைத்தான் காட்டினார். ஃபிரேம் போட்டு மாட்டலாம்யா, அவ்வளவு நல்ல ரிப்போர்ட் என்று சிரித்தார். வீட்டில் குடிகாரன், வேலையில் சோம்பேறி. பாவி மனுஷன் எந்தப் பக்கம்தான் போவான்?

வியாழக்கிழமை மதியம் நர்ஸின் அறைக்குப் போனான்.

"சிஸ்டர், என் ரிப்போர்ட்டைக் கெட்டதா எழுதிக் குடுங்க."

நர்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொய் எழுதவா இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று பழைய கோப்புகளை இழுத்துப் போட்டாள். அவனுடைய எண்கள் ஒன்றரை வருஷத்துக்கு முன்பே பாதியாகக் குறைந்திருந்தன. உடம்பு தேறிக்கொண்டுதான் வருகிறது என்று விரல் வைத்துக் காட்டினாள்.

அவன் தேதியைப் பார்த்தான். ஸ்பிரே கன்னை வெளியே கொண்டுபோய்க் கழுவினால் வேலை நிற்கிறது என்று, கழுவுகிற புதுக் கிளீனர் திரவத்தை அந்த மூடிய அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்த மாதம் அது. அன்றிலிருந்து தின்னரும் கிளீனரும் சேர்ந்தேதான் மூச்சில் போகின்றன. தலைசுற்றல் ஆரம்பித்ததும் அப்போதுதான்.

நர்ஸின் விரல் அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது. எப்போதோ பயிற்சியில் படித்தது நினைவுக்கு வந்ததும், அந்த அறையில் வேலை செய்கிற மற்றவர்களின் கோப்புகளையும் இழுத்துப் புரட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெயிண்டரோடு நர்ஸும் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே துணிப்பை கட்டித் தயாராக இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் குடிக்கலைம்மா. தின்னரையும் கிளீனரையும் உடைச்சு வெளியேத்துறது ஒரே ஈரல்தான். ரெண்டும் சேர்ந்து வந்தா அதால ஈடுகொடுக்க முடியலை. உடையாதது ரத்தத்துலயே தங்கித் தலைக்கு ஏறுது. உடைஞ்சு சிறுநீர்ல வர்றதைத்தான் நாங்க அளக்குறோம். அது குறைஞ்சதைப் பார்த்துட்டு, நல்லா இருக்காருன்னு நான் கையெழுத்துப் போட்டேன்."

மனைவி அவன் சட்டையில் மாறியிருந்த பொத்தான்களைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டாள். அவளுக்குக் கண் கலங்கியது. ஊதச் சொல்லவில்லை.

"இனிமே அந்த ரூமுக்குப் போக வேண்டாம்ல?" என்றாள்.

"இவரை மாத்தச் சொல்லி எழுதிட்டேன். இன்னும் மூணு பேர் உள்ள இருக்காங்க. அவங்க தாளும் நல்லாத்தான் இருக்கு." நர்ஸ் தலை குனிந்தாள். "ஒவ்வொரு விஷமும் தனித்தனியா அளவுக்குள்ள இருக்குன்னு கணக்குப் பார்த்தோம். மூச்சு விடுற மனுஷன் தனித்தனியாவா விடுறான்? தாளைப் பார்க்குறதுக்கு முன்னாடி ஆளைப் பார்த்திருக்கணும்மா."