வீட்டுக்குள் வராத மேஜை

என் வீட்டுக்காரர் தச்சுவேலை செய்கிறவர். இந்தத் தெருவில் பாதிப் பேர் அவர் செய்த மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள். நாங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். பதினொரு வருடமாகத் தொடையில் சூடு பட்டுக்கொண்டு சாப்பிடுகிறவளுக்குச் சிரிப்பு வராது.

செய்யாமல் இல்லை. வீட்டுக்கென்று மூன்று மேஜை செய்தார். முதலாவது, மெருகு காய்வதற்குள் எதிர்வீட்டு டைலரம்மாவுக்குப் போயிற்று. துணி வெட்ட இடமில்லாமல் தரையில் குனிந்து குனிந்து அவளுக்கு முதுகு போய்விட்டதாம். இரண்டாவது தெருமுனை வாசகசாலைக்கு. மூன்றாவதை யாருக்குத் தாரை வார்த்தார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் வருகிற பதில் எனக்கு மனப்பாடம். "நமக்குத்தான் கட்டில் இருக்கேம்மா, போதாதா?" அந்தப் 'போதாதா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில், எதையாவது கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, லாட்டரி விழுந்தவர் தோற்றார்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறாளாம். என் கூடப் பிறந்தவள்தான், பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஒரே ஒரு முறை வந்தாள். தட்டை மடியில் வாங்கிக்கொண்டு, "ஏண்டி, மேஜை செய்றவர் வீட்டுலயே மேஜை இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் கிளம்பிப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பு மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இந்த முறை நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

"அக்கா வர்றதுக்குள்ள இந்த வீட்டுக்குள்ள மேஜை வந்தாகணும். யாருக்காவது தூக்கிக் குடுத்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"குடுக்க மாட்டேம்மா," என்றார். "எட்டுப் பேர் உட்கார்ற மாதிரி செய்றேன். ரெண்டு பெஞ்சும் சேர்த்து. ஆணி, போல்ட் ஒண்ணும் கிடையாது. கால் வேற பலகை வேறன்னு கழட்டவே முடியாது. உனக்குன்னா அப்படித்தான் செய்வேன்."

வியாழக்கிழமை காலை மேஜை வண்டியில் வந்து இறங்கியது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. விளிம்பெல்லாம் இழைத்து உருட்டியிருந்தார். கை வைத்தால் வழுக்கியது. அவரும் வண்டிக்காரரும் தூக்கிவந்து எங்கள் கீழ்த்தள வீட்டு வாசலில் நேராக நுழைத்துப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். கவிழ்த்து, கால்களை முதலில் விட்டுப் பார்த்தார்கள். மேஜை உள்ளே வருவேனா என்றது.

இவருடைய தொழில் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால் இவர் முதலில் அளப்பது வாசலைத்தான். அறையை அப்புறம்தான் பார்ப்பார். எல்லார் மேஜைக்கும் கழற்றுகிற மாதிரி கால் வைப்பதும் அதற்காகத்தான். இருபத்தைந்து வருடத்தில் ஒரு மேஜைகூட யார் வாசலிலும் நின்றதில்லை.

"வாசலை அளந்தீங்களா?" என்று கேட்டேன்.

திருதிருவென்று விழித்தார். "நம்ம வாசல்தானேன்னு விட்டுட்டேன்."

வண்டிக்காரர் சிரிப்பை அடக்க மாடிப்படியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கடைசியில், சனிக்கிழமை மத்தியானம் கால்களை அறுத்து, போல்ட் போட்டு, உள்ளே கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னார். அதுவரை வேறு வேலை ஒப்புக்கொண்டிருந்தாராம். ஆக, மேஜையும் பெஞ்சுகளும் மாடிப்படிக்கு எதிரே, கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் சைக்கிள் நிறுத்துகிற பொது இடத்தில் நின்றன.

நான் ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தேன். எனக்கு இந்த ஜனங்களைத் தெரியும்.

முதலில் வந்தது மேல்மாடி நர்ஸ் பெண். இரவு வேலை முடித்து வந்தவள், "அக்கா, அஞ்சே நிமிஷம்," என்று பெஞ்சில் உட்கார்ந்து, மேஜையில் தலை சாய்த்து, முக்கால் மணி நேரம் தூங்கினாள். சாயங்காலம் டைலரம்மாவின் இரண்டு பெண்களும் வீட்டுப்பாட நோட்டோடு வந்தார்கள். "இதென்ன சத்திரமா?" என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி, மேஜை," என்றாள் சின்னவள்.

நடுவில், மத்தியானம், கடிகாரம் சார் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் மாடியில் தனியாக இருக்கிறார். எதையும் மணி தவறாமல் செய்வதால் அந்தப் பெயர். நான் காவலை விட முடியாமல் அங்கேயே தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சரியாகப் பன்னிரண்டரைக்கு, கையில் தட்டுடன், கடைசிப் படியில் நின்றுகொண்டு, "உட்காரலாமாம்மா?" என்று கேட்டார். என் வாய் நிறையச் சோறு. தலையை எந்தப் பக்கம் ஆட்டினேனோ, அவர் உட்கார்ந்துவிட்டார்.

"மாடியில மேஜை இருக்குமே சார் உங்களுக்கு?"

"இருக்கும்மா. நான் ஜன்னல்கிட்ட நின்னுதான் சாப்பிடுவேன். என் சம்சாரம் போனதுல இருந்து அப்படித்தான். உட்கார்ந்தா எதிர் நாற்காலி காலியாத் தெரியுது."

பதினொரு வருடமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. அவர் தட்டைப் பார்த்தேன். சோறும் ஊறுகாயும். என் தட்டிலிருந்த முட்டையில் பாதியை எடுத்து அவருக்கு வைத்தேன். ஏதோ கை தவறி வைத்த மாதிரிதான் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பிடி அரிசி கூடப் போட்டேன். நர்ஸ் பெண் காய்கறி வதக்கிக் கொண்டுவந்தாள். டைலரம்மா தண்ணீர்ச் செம்பும் தம்ளர்களும் கொண்டுவந்தாள். கடிகாரம் சார் ஒரு ரயில் வழி மாறிப் போன கதையைச் சொல்லி, முடிவை மறந்துபோனார். நாங்கள் ஆளுக்கொரு முடிவு சொன்னோம். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்ததுதான் எரிச்சலாகவும் இருந்தது. மேஜை என்னுடையது, அது என் வீட்டுக்குள் நிற்க வேண்டியது, அக்கா வரப்போகிறாள்.

சனிக்கிழமை சொன்ன சொல் தவறாமல் இவர் ரம்பத்தோடு வந்தார். மேஜையைப் பக்கவாட்டில் சாய்த்து, காலில் பென்சிலால் கோடு போட்டார். ரம்பத்தை வைக்கப் போகிற நேரம், பன்னிரண்டரை. கடிகாரம் சார் படியில் தெரிந்தார். தட்டில் சோறு, சட்டைப்பையில் எங்களுக்காக வாங்கிய இரண்டு வாழைப்பழம். மேஜையைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார்.

"நான் சாப்பிட்டாச்சும்மா. சும்மா தட்டு கழுவ வந்தேன்," என்று சொல்லிவிட்டு, நிறைந்த தட்டோடு திரும்பி மேலே ஏறத் தொடங்கினார்.

இவர் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நல்ல வேளை, ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் வீம்புக்காகவாவது "அறுங்க" என்றிருப்பேன்.

"அறுக்க வேணாம்," என்றேன்.

"நாளைக்கு உங்க அக்கா..."

"வரட்டும். சிரிக்கிறதுன்னா சிரிச்சுட்டுப் போகட்டும். நீங்க மேஜையை நிமிர்த்துங்க." பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "சார், தட்டோட கீழ வாங்க. சோறு ஆறிப்போகுது."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மாடிப்படியைத் தாண்டி நேராக வீட்டுக்குள் நுழைந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, "இன்னும் கட்டில்தானாடி?" என்று சிரித்தாள். வலித்தது, பொய் சொல்வானேன்.

"சாப்பாடு வெளியிலக்கா," என்று கூட்டிக்கொண்டு போனேன்.

டைலரம்மாவும் பெண்களும் ஒரு பெஞ்சில். இவரும் கடிகாரம் சாரும் எதிரே. அக்கா மேஜை விளிம்பைத் தடவிப் பார்த்தாள். அவள் வீட்டில் பன்னிரண்டு பேர் மேஜை உண்டு, மரம் தெரிந்தவள். "என்ன வேலைப்பாடுடி! யாரோட மேஜை இது?"

இந்த ஒரு கேள்விக்காகப் பதினொரு வருடம் காத்திருந்தேன். 'என்னோடது' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் கடிகாரம் சார் தன் தட்டை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டே, "நம்ம மேஜைதாம்மா. கூச்சப்படாம உட்காருங்க," என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஆமாக்கா, நம்ம மேஜை," என்றேன். "கொஞ்சம் தள்ளி உட்காரு. நர்ஸ் பொண்ணு இன்னும் வரலை."

அக்கா தள்ளி உட்கார்ந்தாள்.