ஏழு பத்துக்கு வரும் செய்தி

விடுதிக்காரம்மாவுக்குக் காலையில் முதல் வேலை மணலைப் பெருக்கி வெளியே தள்ளுவது. பலகைமேல் நின்று அலையில் சறுக்கி விளையாட வருகிற பிள்ளைகள் கால் கழுவாமலேயே படியேறுவார்கள். மாடிக் கட்டிலில், குளியலறையில், தேநீர் டம்ளருக்கு அடியில்கூட மணல் கிடக்கும். "கடற்கரையைக் கொஞ்சம் கொஞ்சமா என் வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டீங்கடா" என்று திட்டுவாள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கரையோர ஊர்களில் அவசரமும் கிடையாது, கோபமும் கிடையாது. எட்டு மணிக்குத் திறக்கும் என்று எழுதிப்போட்ட கடையைப் பத்து மணிக்குத் திறப்பார்கள். செருப்புப் போட்டு நடப்பவனைப் பார்த்தால் நேற்று வந்தவன் என்று புரிந்துகொள்வார்கள்.

அந்த விடுதியில் இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன் தங்கியிருந்தான். பிடிக்காத வேலையை விட்டுவிட்டு, முதுகில் ஒரு பையோடு, நாற்பது நாள் கரையோரமாகவே ஊர் ஊராகப் போவதென்று கிளம்பியவன். இது அவனுக்கு மூன்றாவது ஊர். பத்து நாளாகக் கற்றும் அவன் பலகைமேல் முட்டி போடுவதைத் தாண்டவில்லை. எழுந்து நிற்பதற்குள் அலை கவிழ்த்துவிடும். அதனால் 'முட்டி' என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

"அப்படி என்னடா தப்பு பண்ணினே? தினம் கடல் முன்னாடி முட்டி போடறே" என்பார், பலகை வாடகைக்குக் கொடுத்துப் பாடமும் சொல்லித்தருகிற பலகைக்காரர்.

"ஸ்கூல்லயே பழகினதுண்ணே. நிக்கத்தான் யாரும் சொல்லித் தரல."

அவனுடைய அம்மா, பஸ்ஸில் ஒரு பகல் தூரத்தில், நகரத்து ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுக்கிறவள். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஆறரைக்கே வரிசையில் நின்றுவிடுவார்கள். கணவன் போன பிறகு இந்த ஊசியைப் பிடித்த கையால்தான் பையனை வளர்த்து ஆளாக்கினாள். அவன் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தினமும் காலைல ஏழு பத்துக்கு ஒரு மெசேஜ் போட்டுடு. அப்பதான் கையுறை மாத்துவேன், பாத்துக்குவேன். கூப்பிடாதே. கூப்பிட்டா எடுக்க முடியாது, பாதி ஊசியில நிப்பேன்."

முதல் வாரம் அவன் ஆசை ஆசையாக எழுதினான். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது, பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் தூக்கத்தில் பாடுவது, நண்டு ஒன்று செருப்புக்குள் குடியேறியது என்று பத்து வரி, பன்னிரண்டு வரி. அவள் முதல் வரியை மட்டும் பார்ப்பாள். மதியம் முழுதாகப் படித்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவாள். மதியம் ரிசல்ட் கேட்டு ஆட்கள் நிற்பார்கள். மாலையில் கால் கடுக்கும், படுத்தால் போதும் என்றிருக்கும். அவளைப் பாசமில்லாதவள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பிள்ளை பத்திரமாக இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது, மற்றதெல்லாம் அவன் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நம்மில் எத்தனையோ பேர் அப்படித்தான் நினைக்கிறோம்.

பத்து வரிக்கு ஒரு கட்டைவிரல் என்றால் எழுதுகிறவனுக்கும் சலித்துத்தான் போகும். விடியற்காலையில்தான் அலை நன்றாக வரும். ஏழு பத்துக்காகக் கரையேறி, ஈரக் கையோடு போனைத் தேட வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பலகைக்கடை நிழலில் உட்கார்ந்து அவன் ஒரு காரியம் செய்தான். குறித்த நேரத்தில் தானாகச் செய்தி போய்ச்சேரும் வசதி போனில் இருந்தது. போன் அணைந்துகிடந்தாலும் போய்விடும்.

"ரொம்ப நேரமா என்னடா தட்டறே?"

"அம்மாவுக்குண்ணே. ரெண்டு வாரத்துக்கு மொத்தமா எழுதி வெச்சுட்டேன். தினம் ஏழு பத்துக்கு ஒண்ணு போயிடும்."

"நாளைக்கே உனக்குக் காய்ச்சல் வந்தா?"

"வந்தா கூப்பிட்டுச் சொல்லிக்கலாம்" என்று சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து ஊரில் அலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவதாக விடுதிக்காரம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். பஸ் சுற்றிக்கொண்டு போகும் என்று, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறைகள் வழியாக நடந்தான். பாதி வழியில் பாசியில் கால் வழுக்கியது. இரண்டு பாறைகளுக்கு நடுவே விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது, போன் தண்ணீருக்குள் போனது. சாலை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் அலைச் சத்தத்தை மீறி ஒரு குரல் அவ்வளவு தூரம் போவது கஷ்டம். அவன் கத்திக்கொண்டேதான் இருந்தான்.

மறுநாள் காலை விடுதிக்காரம்மா அவன் கட்டிலைப் பார்த்தாள். விரித்த போர்வை கலையவில்லை. பை சுவரோரம் சாய்ந்திருந்தது.

"அங்கேயே தங்கியிருப்பான். இதுங்களுக்கு எங்க சாஞ்சாலும் வீடுதானே" என்றார் பலகைக்காரர்.

அவளுக்கு மனம் ஆறவில்லை. பதிவேட்டில் அவன் எழுதியிருந்த அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். அம்மா தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"முட்டி... இல்லம்மா, உங்க பையன், நேத்து ராத்திரி வரல. அதான் கேட்டேன்."

"இல்லீங்களே, இப்பதான் மெசேஜ் வந்துச்சு. இருங்க, படிக்கிறேன். 'நல்லா இருக்கேன்மா. குளிச்சாச்சு. சாப்பிடப் போறேன்.' ஏழு பத்துக்கு டாண்ணு வந்துடும். அவன் அதுல ரொம்பக் கரெக்ட்."

"அப்ப சரிம்மா. பயந்துட்டேன்."

பயம் தெளிந்ததும் பையை மாடிப்படிக்குக் கீழே தள்ளி வைத்தாள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. பலகைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாளைக்கு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. தம்பி பையை எடுக்க எப்ப வருதுன்னு கேக்கத்தான். மழையில படிக்குக் கீழ ஈரம் ஏறுது, துணியெல்லாம் நாத்தம் எடுத்துடும்."

"மழையா? எங்க?"

"இங்கதாம்மா, ரெண்டு நாளா கரை முழுக்க. ஒருத்தரும் கடல்ல இறங்கல."

அம்மா போனைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாள். அன்று காலைச் செய்தி: 'செம வெயில்மா. முகமே கறுத்துப்போச்சு. காலைலயே ரெண்டு தடவை கடல்ல இறங்கிட்டேன்.' நேற்றையதும் வெயில்தான். வரிசையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் கிளம்பி மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவனை அழைத்தாள். எண் அணைந்திருந்தது. திரும்பத் திரும்ப அழைத்தாள்.

அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த பலகைக்காரருக்குச் சேதி கேட்டதும் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். பத்துப் பேர் பக்கத்து ஊருக்குக் குறுக்குவழியான பாறைப்பக்கம் போனார்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டார்கள். அவன் உயிர் போய்விட்டிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "நேத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்மா."

அவளுக்குக் கணக்குப் புரிந்தது. விடுதிக்காரம்மா புதன்கிழமையே கூப்பிட்டிருந்தாள்.

"நான் அன்னிக்கே போலீசுக்குப் போயிருக்கணும்" என்று விடுதிக்காரம்மா அழுதாள்.

"நீங்க தேடினீங்க. நான்தான் தேட வேணாம்னு சொல்லிட்டேன்."

பலகைக்காரர் அம்மாவின் பக்கத்தில் வந்தார். "திங்கக்கிழமை அவன் எழுந்து நின்னுட்டாம்மா. ஒரு முழு அலை, கரை வரைக்கும். உங்களைக் கூப்பிட்டுச் சொல்லணும்னு போனை எடுத்தான். அப்புறம், அம்மா ஊசி போட்டுக்கிட்டு இருப்பாங்க, வேணாம்னு வெச்சுட்டான்."



எல்லாம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அம்மா முதல் வாரச் செய்திகளை ஒவ்வொன்றாக முழுதும் படித்தாள். பாடுகிற பையனைப் பற்றிப் படித்தாள், நண்டைப் பற்றிப் படித்தாள். ஆறாவது நாள் செய்தியின் கடைசி வரியில், 'ஒரு நாள் நீயா கூப்பிடும்மா, சும்மா' என்று இருந்தது. அதற்கும் கட்டைவிரல்தான் போட்டிருந்தாள். எழுதிவைத்த மற்ற செய்திகள் அவனைக் கண்டெடுத்த பிறகும் ஒன்பது நாள் வந்தன. நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியாம்மா என்று கேட்டன. அவள் ஒவ்வொரு நாளும் அழுதாள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். அன்று ரத்தம் கொடுக்க வந்த ஓர் இளைஞன் கையை நீட்டியிருந்தபோது மடியில் போன் அதிர்ந்தது. அவன் மறு கையால் அழைப்பைத் துண்டித்து, 'பிறகு பேசுகிறேன்' என்று போனிலேயே தயாராக இருந்த பதிலைத் தட்டினான்.

"யாரு தம்பி?"

"அம்மாதாங்க. முக்கியமா ஒண்ணும் இருக்காது, சும்மா கூப்பிடுவாங்க."

அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள். கையில் கட்டியிருந்த ரப்பரை அவிழ்த்தாள். "போய்ப் பேசிட்டு வாங்க, அப்புறம் எடுக்கலாம்."

"வரிசை நிக்குதுங்களே."

"நிக்கட்டும். நானும் இந்த வரிசையைப் பாத்துத்தான் என் பிள்ளைகிட்ட பேசாம இருந்தேன். நல்லா இருக்கேன்னு எழுதி வெச்சுட்டு யார் வேணும்னாலும் போயிடலாம் தம்பி. என் பையன் செத்த மறுநாளும் எனக்கு அப்படித்தான் செய்தி வந்துச்சு, நானும் நம்பினேன். பெத்தவங்களோ பிள்ளைங்களோ, ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது குரலைக் கேட்டுடணும். எழுத்துல உயிர் இருக்கா இல்லையான்னு தெரியாது. குரல்ல தெரிஞ்சுடும்."

இளைஞன் எழுந்து வாசல்பக்கம் போனான். "சொல்லும்மா" என்றது கேட்டது. அவன் பேசி முடிக்கும்வரை அவள் அடுத்தவரைக் கூப்பிடவில்லை.