பார்க்காத ஜனாதிபதி

ராணுவத்தில் பன்னிரண்டு வருஷம், பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம். இந்த இரண்டு காலத்திலும் வரலாற்று ஆசிரியரை விடாமல் பிடித்திருந்தவர் ஒரே ஆள்தான். எப்போதோ பதவி முடிந்து, மறைந்தும் போன ஒரு ஜனாதிபதி. அவருடைய உரைகளும் வாழ்க்கை வரலாறுகளும் படுக்கையறை அலமாரியை அடைத்துக்கொண்டிருந்தன. "சக்களத்தி வந்திருந்தாக்கூட இவ்வளவு இடம் கேட்டிருக்க மாட்டா" என்பாள் மனைவி.

இது ஓய்வு பெறும் ஆண்டு. 'ஜனாதிபதிக்கு நான் சல்யூட் அடித்த நாள்' பற்றி ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியை. இன்று கொடுத்தாக வேண்டும். மூன்று நாளாகப் பேனா தலைப்பைத் தாண்டவில்லை.

"ஆயிரம் தடவை சொன்ன கதைதானே? எங்கப்பா அதுல மயங்கித்தானே என்னை உங்களுக்குக் கொடுத்தார்?" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள் மனைவி.

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். அச்சில் ஏறினால் நாளைக்கு அதுவே சான்று. ஆதாரமில்லாத ஒரு வரிக்கும் மதிப்பெண் குறைக்கிறவர் அதில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? உண்மையைச் சொல்லிவிட்டு இவள் முகத்தில் எப்படி விழிப்பார்?

"நான் அவரைப் பார்க்கவே இல்லம்மா."

"என்னது?"

"மூணு மணி நேரம் வெயில்ல நின்னோம். அவர் கார் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி மயங்கி விழுந்துட்டேன்."

"அப்ப எங்கப்பாகிட்ட அளந்தது?"

"உன்னைப் பார்த்ததும் வாய் தானா அளந்துடுச்சு."

"பழியை என் தலையில போடாதீங்க." சட்டையை உதறி மடித்தாள். பிறகு கேட்டாள்: "பக்கத்துல நின்னவன் பிடிக்கலையா?"

"அணிவகுப்புல யாரும் குனியக் கூடாது. பின்னால ஸ்ட்ரெச்சரோட நிக்கிறவங்கதான் தூக்கிட்டுப் போவாங்க. என் இடத்துல வேற ஒருத்தனை நிறுத்திட்டாங்க. கூடாரத்துல படுத்துக்கிட்டு பேண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். அவர் எப்படி நடப்பார், எப்படிப் பேசுவார்னு தெரிஞ்சுக்கத்தான் புத்தகம் புத்தகமா படிச்சேன்."

"இது ஒரு புத்தகத்துலயும் இருக்காது. இதையே எழுதுங்க."

"உனக்குக் கோபமில்லையா?"

"இருக்கு. சாயங்காலம் வரைக்கும் இருக்கும். நீங்க எழுதுங்க."

தலைப்பை அடித்துவிட்டு ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதினார்.

பள்ளியில் தலைமையாசிரியை படித்துவிட்டு நிமிர்ந்தார். "சார், இதையா போடணும்? பசங்க சிரிப்பாங்களே!"

"சிரிக்கட்டும் மேடம். இதைத்தான் போடணும்."