ரயிலுக்குப் பிசிறு வெட்டிய கதை

கோபம் வராமல் எப்படி இருக்கும், சொல்லுங்கள். நான் தையல் மெஷின் சர்க்யூட் போர்டு ரிப்பேர் செய்கிறவன். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மகுடேஸ்வரன் உடனே வா என்று கூப்பிட்டார். அடித்துப் பிடித்துப் போனால், மேசைமேல் ஒரு பொம்மை ரயில்.

அவரிடம் பனியன் வாங்கும் டென்மார்க் பையர் போன வருஷம் ஆசையாகக் கொடுத்த ரயில். இன்று மதியம் அவரே வருகிறார், வந்ததும் ஓட்டிப் பார்ப்பார். எஞ்சினைத் திறந்தேன். வயர் சொருகும் கனெக்டர் போர்டிலிருந்து அடியோடு பெயர்ந்து, வயர்கள் மொட்டையாக நின்றன.

செய்தது செக்கிங்கில் வேலை பார்க்கும் குழந்தையம்மாள். செக்கிங் மேசையைத் தாண்டாமல் எதுவும் ஆபீசுக்குள் வரக்கூடாது என்பது முதலாளியே போட்ட சட்டம். தூசி தட்டத் திறந்த ரயிலையும் யாரோ அங்கே வைத்துவிட்டார்கள். நாளெல்லாம் பனியனில் நூல் பிசிறு வெட்டும் கை சும்மா இருக்குமா? தொங்கிய வயரை இழுத்துப் பிடித்து நறுக்கிவிட்டார். ரயில் ஓடாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று முதலாளி சொல்லிவிட, பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அதே கனெக்டருக்கு எங்கே போவது? பழைய மெஷின் போர்டிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பற்றவைத்தேன். போர்டில் கரண்ட் போகும் செம்புத் தடம் கிழிந்த இடத்தில் மெல்லிய சிவப்பு வயரால் பாலம் போட்டேன். அது மட்டும் மூடிக்கு வெளியே துளி நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தையம்மாளின் விரல்கள் துடித்தன. அதை வெட்டினால் ரயில் போச்சு என்று முதலாளி காதிலும் விழும்படி சொன்னேன்.

பையர் வந்தார். டீ கப்புகளுக்கு நடுவே ரயில் ஜம்மென்று சுற்றியது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். பையர் ரயிலை எடுத்து, பனியனைப் போலவே புரட்டிப் புரட்டிப் பார்த்து, சிவப்பு வயரில் விரலை வைத்து முகம் சுளித்தார். அவ்வளவுதான், முதலாளிக்கு வேர்த்துவிட்டது.

"குழந்தையம்மா, பிசிறு நிக்குது பாரு."

வேண்டாமுங்க என்று நான் எழுந்தேன். யார் கேட்டார்கள்?

"வெட்டட்டுங்களா?"

"வெட்டுங்கறேன்ல."

நறுக்கென்று வெட்டினார். பையர் ரயிலைத் தண்டவாளத்தில் வைத்தார். அது அசையவில்லை.

குழந்தையம்மாள் கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ஏனுங்க மொதலாளி, அப்ப நாளையிலிருந்து நீங்க வர மாட்டீங்களாங்க?"